முதுகுப்பையில் ஒரு பிடி பருப்பு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருத்தியைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று சொல்லி வெருட்டுவாள் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நாங்கள் பேசப்போவது பருப்பைப் பற்றி. நீரிழிவும் இடையில் வரும். அதைத் தவிர்க்க முடியவில்லை.

விடுதியில் இருந்தவர்களுக்குப் பருப்பு என்றதும் எது நினைவுக்கு வரும் என்று தெரியும். வாளியில் வரும் மஞ்சள் தண்ணீர், அடியில் துழாவினால் அவியாத பருப்பு. சமையல் அக்காவை எவ்வளவு திட்டியிருப்போம்! காரணம் பிறகுதான் விளங்கியது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அந்த நீரில் பருப்பு இலகுவில் மசியாது. விறகுத் தட்டுப்பாடு வேறு. அக்காவிடம் கேட்கவேண்டிய மன்னிப்பை இந்த மேடையிலேயே கேட்டுவிடுகிறோம்.

நாங்கள் முதன்முதலாகப் பருப்பைச் சுமந்து நடந்தது 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு. மழை. நாவற்குழிப் பக்கம் சனம் அடி அடியாக நகர்ந்தது. ஆளுக்கொரு பள்ளிக்கூடப் பை. கொப்பிகளை எடுத்துவிட்டு அம்மாமார் அரிசியும் மைசூர்ப் பருப்பும் கட்டித் தந்திருந்தார்கள். தென்மராட்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். விறகு போதவில்லை. எங்களில் ஒருத்தியின் அம்மா, பருப்பு பாதி அவிந்ததும் சட்டியை இறக்கி, சாக்கால் இறுக்கிச் சுற்றி ஒரு மூலையில் வைத்தார். அரை மணித்தியாலத்தின் பின் திறந்தால் பருப்பு பூவாய் அவிந்திருந்தது. அந்த வித்தையை இன்றைக்கும் காட்டில் செய்கிறோம்.

காடு என்றது கதிர்காமப் பாதயாத்திரையை. எங்கள் வகுப்பில் ஆறு பேர் உகந்தையில் கும்பிட்டு, குமண வழியாக நடந்து, கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யாலக் காட்டினூடாகக் கதிர்காமம் சேர்வது வழக்கம். நேர்த்திக்காக வருபவர்களும் உண்டு, வீட்டைவிட்டு ஐந்து நாள் தப்புவதற்காக வருபவர்களும் உண்டு. காட்டுக்குள் கடை இல்லை. சாப்பாட்டையெல்லாம் தோளில்தான் கொண்டுபோக வேண்டும்.

முதற்தடவை பிஸ்கற்றும் பழமும் போதும் என்று கிளம்பினோம். இரண்டாம் நாள் பதினொரு மணியளவில் எங்களில் ஒருத்தி காரணமில்லாமல் எரிந்து விழத் தொடங்கினாள். பிறகு வியர்த்துக் கொட்டி, கைநடுங்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் விளங்காதவள்போல் மணலில் இருந்துவிட்டாள். வெயில் என்றுதான் நினைத்தோம். அவளுடைய பையில் தண்ணீர்ப் போத்தலைத் தேடிய கையில் மாத்திரை அட்டை அகப்பட்டது. நீரிழிவு மாத்திரை. காலையில் அதைப் போட்டுவிட்டு, வெறுந்தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கற்றும் சாப்பிட்டு நடந்திருக்கிறாள். விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால் சீனியைக் கரைத்துப் பருக்கினோம். கால் மணித்தியாலத்தில் தெளிந்தாள். நான்கு வருடமாக வருத்தம் இருந்திருக்கிறது, எங்களுக்குச் சொல்லவில்லை.

“ஏனடி சொல்லேல்லை?”

“சொன்னா என்னை விட்டிட்டுப் போயிருப்பியள்.”

உண்மைதான், விட்டுவிட்டுப் போயிருப்போம். வைத்தியர் என்று பெயருக்கு ஒருத்தி எங்களோடு நடந்தாள், அவள்தான் இப்போது உங்கள் முன் நிற்கிறாள். அவளும் கேட்கவில்லை. விடுதியில் ஒரே பாயில் படுத்தவர்களிடம் மருந்து விபரம் கேட்பது வெட்கமாம்! அன்றிலிருந்து நடைக்கு முன் எல்லோருடைய மருந்துப் பட்டியலும் மேசைக்கு வரும். அதன் பிறகுதான் சாப்பாட்டுப் பட்டியல்.

இப்போது நாங்கள் கொண்டுபோவது ஆளுக்கு ஒரு வேளைக்கு 60 கிராம் மைசூர்ப் பருப்பும் 80 கிராம் அரிசியும். ஆறு பேருக்கு ஐந்து வேளைக்கும் பருப்பு 1.8 கிலோ, அரிசி 2.4 கிலோ. பிரித்தால் ஒருவர் தோளில் 700 கிராம்.  இந்த ஒரு வேளையில் ஏறத்தாழ 20 கிராம் புரதமும் 500 கலோரியும் கிடைக்கும். அரிசியில் குறைவான லைசீன் பருப்பில் உண்டு, பருப்பில் குறைவான மெதியோனீன் அரிசியில் உண்டு. நார்ச்சத்து இருப்பதால் சீனி மெல்ல மெல்லத்தான் இரத்தத்தில் ஏறும். பிஸ்கற்றைப்போல் உடனே ஏறி உடனே விழாது.

ஏன் மைசூர்ப் பருப்பு? தோல் நீக்கி உடைத்தது என்பதால் ஊறவைக்காமலே இருபது நிமிடத்தில் அவியும். கடலையைக் காட்டுக்குக் கொண்டுபோவது வீண் வேலை. ஊறவே ஓர் இரவு வேண்டும்.

பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். பருப்பைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, இலேசாக வறுத்து, மஞ்சள், சீரகம், மிளகு, உப்பு, வறுத்த கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் சேர்த்து வேளைக்கொரு பையாகக் கட்டுவோம். தேங்காய்ப்பால் மா தனிப்பை. உள்ளியும் தேசிக்காயும் முழுசாக வரும். பெருங்காயம் வாயுவைக் குறைக்குமா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை, மணத்துக்காகவே போடுகிறோம். வாயுவுக்குப் பயந்தவர்கள் நடைக்கு இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே வீட்டில் பருப்பைக் கூட்டிச் சாப்பிட்டு வயிற்றைப் பழக்குவது நல்லது.

காட்டில் ஒரு பங்கு பருப்புக்கு மூன்றரைப் பங்கு தண்ணீர். பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி, துவாயால் சுற்றி இருபது நிமிடம் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் அதே அடுப்பில் சோறு ஆகிவிடும். தேசிப்புளியை இறக்கிய பிறகுதான் விடவேண்டும். முன்னதாக விட்டால் விடுதிப் பருப்புத்தான். அந்தப் புளியில் இருக்கும் விற்றமின் சீ பருப்பின் இரும்புச்சத்தை உடம்பு எடுக்க உதவும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அது தடைப்படும். ஒரு மணித்தியாலம் பொறுக்கச் சொல்வோம், ஒருவரும் கேட்பதில்லை.

மிஞ்சிய சோற்றையும் பருப்பையும் மறுநாளுக்கு வைக்காதீர்கள். அந்த வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நம்ப முடியாது. சோற்றில் கிருமி விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும், இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்களும் தங்கள் வைத்தியரிடம் கேட்டு அளவைத் தீர்மானித்த பிறகே புறப்படுங்கள். மாத்திரையைத் தாங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

அன்று மணலில் இருந்த எங்கள் தோழி இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். பெயர் சொல்லக்கூடாது என்று கட்டளை. அதற்குப் பிறகு மூன்று தடவை முழுதாக நடந்துவிட்டாள். இப்போது அகப்பை அவள் கையில்தான், உப்பு எப்போதும் கொஞ்சம் கூட.

வருகிற ஆடிக்கும் போகிறோம். வர விரும்புபவர்கள் மருந்துப் பட்டியலோடு வாருங்கள். பருப்பு எங்களிடம் இருக்கிறது.