படித்தவர் இறங்காத கடல்



இன்று உங்கள் பட்டமளிப்பு நடக்கும் இந்த வெள்ளவத்தை மண்டபத்திலிருந்து ஏதாவது ஓர் ஒழுங்கையால் கீழே இறங்கினால் மரைன் டிரைவ், ரயில் பாதை, அதற்கப்பால் கடல். நான் வளர்ந்த கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக் கப்பல்கள் ஊதுவது வீட்டுக்குள் கேட்கும். கடலை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? கணக்கியல், கணினி, வங்கி, பிறகு விமானச் சீட்டு என்றுதான் நம் வீடுகளில் எதிர்காலம் பேசப்படுகிறது. அந்தப் பேச்சில் சுழியோடுதலுக்கும் ஓர் இடம் கேட்கவே வந்திருக்கிறேன். கப்பல்களின் அடிப்பாகத்தைப் பரிசோதித்துப் பிழைப்பவன் நான். துறைமுகத் தண்ணீரில் கண்ணால் அதிகம் ஆவதில்லை. கைதான் பார்க்க வேண்டும். ஆகவே இந்தத் தொழிலை மினுக்கிக் காட்ட மாட்டேன்.

இது நமக்குப் புதிய தொழிலும் அல்ல. மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் வந்தார்கள். கல்லின் கனத்தில் இறங்கி, ஒரு மூச்சு தீருமுன் சிப்பியை அள்ளிக்கொண்டு ஏறினார்கள். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கரைசேர்ந்தன. அந்தக் கடலடியை ஆராய 1902இல் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் வந்தார். ஐந்து தொகுதிகளில் அறிக்கை எழுதினார். இறங்கத் தெரிந்தவர் ஒருவர், எழுதத் தெரிந்தவர் இன்னொருவர். அந்தப் பிரிவினை இன்றுவரை நம்மிடம் மாறவில்லை என்பதே என் வருத்தம்.

அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். வடக்கில் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கும் இளைஞர்கள் சிலிண்டர் கட்டித்தான் இறங்குகிறார்கள். அந்தச் சிலிண்டரில் இருப்பது தனி ஒட்சிசன் அல்ல. நாம் இங்கே சுவாசிக்கும் அதே காற்றை அமுக்கி அடைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. அமுக்கம் கூடக் கூட, காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக ஏறினால் அது மூச்சோடு வெளியேறிவிடும். அவசரப்பட்டு ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். மூட்டுவலியில் தொடங்கி, கால்கள் செயலிழப்பது வரை அதனால் வரும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம், எப்படி நின்று நின்று ஏற வேண்டும் என்ற அட்டவணையை ஹோல்டேன் என்ற விஞ்ஞானி 1908இலேயே வெளியிட்டுவிட்டார். நூறாண்டு கடந்த பிறகும், அந்த அறிவு எட்டாமல் ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்கி முடமாகிறவர்கள் நம் கரையில் இருக்கிறார்கள். அவர்களிடம் துணிவு இருக்கிறது. படிப்பு போய்ச் சேரவில்லை.

மறுபக்கத்தையும், படித்தவர் இறங்காததால் நேர்ந்ததையும், சொல்கிறேன். திருகோணமலையில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயத்தின் சிதைவுகள் சுவாமி மலையடிக் கடலில் கிடந்தன. 1950களில் அவற்றை உலகுக்குக் காட்டியவர்கள் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும். நம் கோயில் தூணை நமக்குக் காட்ட இங்கிலாந்துக்காரர்கள் வர வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் திருந்தியது. 2003இல் அம்பாந்தோட்டைக்கு அருகே கொடவாயக் கடலில், ஏறக்குறைய 30 மீற்றர் ஆழத்தில், சங்கு தேடி இறங்கிய மீனவர்கள் ஒரு பழங்கப்பலின் சிதைவுகளைக் கண்டார்கள். சுழியோடப் பயின்ற நம் நாட்டுத் தொல்லியலாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் அங்கே இறங்கி ஆராய்ந்தார்கள். கப்பல் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையானது. இந்து சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய சிதைவு. மீனவரின் கண்ணும் ஆய்வாளரின் படிப்பும் ஒரே ஆழத்தில் சந்தித்ததால் கிடைத்த பலன் அது.

இனித் தொழில் நிலவரம். உல்லாசப் பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டியாக வேண்டுமானால், படிப்படியாகப் பயின்று ‘டைவ் மாஸ்டர்’ சான்றிதழ் பெற வேண்டும். பாடி (PADI) என்ற சுழியோட்டப் பயிற்சி அமைப்பின் விதிப்படி அதற்கு 18 வயதும் 60 சுழியோட்டங்களும் வேண்டும். பயிற்றுநராக 100 வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவையிலும் கொழும்பிலும் வேலை இருக்கும். சோழகம் எழுந்து மேற்குக் கடல் கலங்கியதும் நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் மூட்டை கட்ட வேண்டும். பயணிகள் வராத ஆண்டில் வருமானமும் வராது. உல்லாசச் சான்றிதழை வைத்துக்கொண்டு நீருக்கடியில் உலோக ஒட்டுவேலை செய்யவும் முடியாது. அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. காதிலோ நுரையீரலிலோ குறை இருந்தால் மருத்துவரே தடுத்துவிடுவார்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: சுழியோடுதலை மட்டும் நம்பித் தொழில் தேடாதீர்கள், கையில் இருக்கும் பட்டத்தோடு அதைச் சேருங்கள். 2021 ஜூன் மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் மூழ்கியது. பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் குவிந்ததை நீங்களே கண்டீர்கள். கடலடியில் என்ன ஆனது என்பதை இறங்கிப் பார்த்து, அளந்து, நீதிமன்றம் ஏற்கும்படி எழுத உயிரியலாளரும் இரசாயனவியலாளரும் வேண்டும். பாலத் தூண்களைப் பரிசோதிக்கப் பொறியியலாளர் வேண்டும். முன்பு சொன்ன அமுக்க நோய்க்கு மருத்துவர் வேண்டும். முருகைக்கற்பாறைகளைப் படம்பிடிக்க ஊடகவியலாளர் வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து சற்றுத் தூரத்தில், மட்டக்குளி காக்கைத்தீவில், நாரா என்ற நீர்வள ஆய்வு நிறுவனமும் சமுத்திரப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஒரு நாள் போய் விசாரித்து வாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு நம்மில் பலருக்குக் கடல் என்றாலே நெஞ்சு பதறும். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பயந்தால் கடலைவிட்டு விலகத்தான் வேண்டும் என்றில்லை, கற்றுக்கொள்ளவும் செய்யலாம். மகன்களுக்கு மட்டுமல்ல, மகள்களுக்கும் நீச்சல் பழக்குங்கள்.

பட்டதாரிகளே, உங்களில் சிலராவது சுழியோடக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றதை மன்னாரிலும் முல்லைத்தீவிலும் சிலிண்டர் கட்டும் தம்பிமாருக்கு அவர்கள் வாடியில் உட்கார்ந்து, நல்ல தமிழில் சொல்லிக்கொடுங்கள். அவர்களிடமிருந்து நீரோட்டத்தையும் காற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பட்டத்துக்கு அதைவிடப் பெரிய பயன் எனக்குத் தெரியவில்லை.