முதலில் எடையைப் பாருங்கள்

கூலி வேலை முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து நிற்கும் என் தோழர்களே! காசநோய் யாரைப் பிடிக்கும்? இருமுகிறவன் பக்கத்தில் இருந்தவனை என்கிறோம். அது பாதி உண்மை. காற்றில் வரும் கிருமி யார் மூச்சிலும் நுழையும். நுழைந்த 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது. மற்றவர் உடம்பு அதை அடக்கிவைக்கிறது. அடக்க முடியாத உடம்பு யாருடையது? சர்க்கரை நோயாளி உண்டு, எச்.ஐ.வி. உள்ளவர் உண்டு, கல்குவாரித் தூசியைத் தின்றவர் உண்டு. ஆனால் இந்த நாட்டில் அவர்களையெல்லாம் விடப் பெரிய கூட்டம், அரைவயிற்றுக் கூட்டம்!

ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை, நோயாளியோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த 10,000 பேருக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை, ஐயா!

'குடிக்கிறான், பீடி பிடிக்கிறான், தானே தேடிக்கொண்டான்' என்று சிலர் மேடை போட்டுச் சொல்கிறார்கள். புகையும் குடியும் ஆபத்துதான், மறுக்கவில்லை. அவர்களை ஒன்று கேட்கிறேன்: இளைத்துப்போன ஆறு வயதுக் குழந்தை எந்தக் கடையில் குடித்தது? படித்தவர்கள் வேறொன்று சொல்வார்கள். 1950களில் நம் சென்னையில் நடந்த ஆய்வில், எளிய சாப்பாட்டோடு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்களே என்பார்கள். உண்மை, நமக்குப் பெருமையும்கூட. ஆனால் மருந்து குணமாக்குமா என்பதற்கு அது பதில். யார் நோயில் விழுகிறார், மருந்து வேலை செய்யுமுன் யார் சாகிறார் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்ததுதான் 2022இல் தமிழ்நாட்டில் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டம். நோய் தெரிந்ததுமே எடை, மூச்சு, எழுந்து நிற்கும் தெம்பு மூன்றையும் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கும் அந்தச் சுகாதாரப் பணியாளருக்கு யாரும் மாலை போடுவதில்லை. இந்தக் கைதட்டல் அவருக்கு!

நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை உண்டு. அதே பானையில் சோறு உண்ணும் வீட்டாரோ நன்கொடையாளர் கையை எதிர்பார்க்கிறார்கள். அரசை வேண்டிக் கேட்கிறேன்: நோயாளியின் எடையைக் குறிக்கும் அன்றே வீட்டிலுள்ள எல்லோர் எடையையும் குறியுங்கள், இளைத்தவர் இருக்கும் வீட்டுக்குப் பருப்பையும் முட்டையையும் ரேஷன் அட்டையிலேயே கொடுங்கள்.