வீடு மாறுவதா? வீட்டை மாற்றுவதா?



இருக்கும் வீட்டைச் செப்பனிடுவதா, அல்லது விற்றுவிட்டு வேறு வீடு வாங்குவதா என்ற கேள்வி எழுந்தவுடன் நம்மவர்கள் செய்கின்ற முதல் காரியம் வாஸ்துக்காரனைத் தேடிப் போவதேயாகும். அவன் வாசல் தெற்கே பார்க்கிறதென்பான். நாம் வீட்டையே விற்கத் துணிவோம். இது அறிவுடைமையாகுமா என்று கேட்கின்றோம்.

குற்றம் சுவரிலிருக்கிறதா, மண்ணிலிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இருட்டு, புழுக்கம், ஒழுகும் தளம் ஆகியவை சுவரின் குற்றங்கள். இவற்றைக் கொத்தனார் தீர்த்துவிடுவார். மண்ணின் குற்றமோ அவருக்கும் அடங்காது. 2015-ம் வருஷம் டிசம்பரில் சென்னை முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது வாசல் பார்த்த திசையினாலா? தாழ்ந்த நிலத்தில் தண்ணீர் வடிய வழியில்லாததினாலன்றோ? அப்படிப்பட்ட இடத்தை விட்டு மாறுவதே மேல்.

ஆனால் மாறுவதற்கும் விலையுண்டு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். அதாவது 50 லட்ச ரூபாய் வீட்டிற்கு 4½ லட்சம் சர்க்காருக்கே போய்விடும். அந்தப் பணத்தில் எத்தனை ஜன்னல் வைக்கலாம்!

நமது வீட்டிலும் இப்பேச்சு எழுந்தது. ஆண்கள் மூன்று மாதம் வாதாடினோமேயொழிய, அடுப்பங்கரையில் வேகும் பெண்களை ஒரு வார்த்தை கேட்டோமில்லை. கடைசியில் கேட்டபோது, “வேறு வீடு எதற்கு? இங்கே ஒரு ஜன்னல் போதுமே” என்றார்கள். நாம் வெட்கித் தலைகுனிந்தோம்.

ஆகவே தோழர்களே! நிலத்தைப் பாருங்கள்; கணக்கைப் பாருங்கள்; பெண்களைக் கேளுங்கள். வாஸ்துக்காரனுக்கு அங்கே வேலையில்லை.