சித்தாள் கையில் கரணை

காலை ஏழு மணிக்குச் சென்னையிலோ மதுரையிலோ பெரிய நாற்சந்தி எதையாவது கடந்து போகிறவர்கள், தூக்குவாளியோடு வரிசையாக நிற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டட வேலைக்கு நிற்கிறவர்கள். மேஸ்திரி வந்து, "நாலு சித்தாள், ரெண்டு பெரியாள்" என்று கூப்பிடுவார். ஒன்பது மணிவரை யாரும் கூப்பிடாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரிவது கஷ்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்படிப் பல நாள் போகும்.

கொத்தனாருக்கு ஒரு கூலி. மண்வெட்டி பிடித்துக் கலவை போடும் ஆண், அதாவது பெரியாள், அவருக்கு அதைவிடக் குறைவு. செங்கல் சுமக்கும் சித்தாளுக்கு அதிலும் குறைவு. அவள் வேலை இலேசு என்று சொல்வதை நான் ஒப்பமாட்டேன். ஒரு செங்கல் ஏறக்குறைய 3 கிலோ. சும்மாட்டின்மேல் எட்டுக் கல்லை அடுக்கினால் 24 கிலோ. அதோடு மாடிப்படி ஏற வேண்டும், பொழுது சாயும்வரை.

இன்னும் உறுத்துவது வேறொன்று. கையாளாக வரும் பையன் சில வருஷத்தில் கரணை பிடிக்கிறான், தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் நேர் பார்க்கிறான், கூலி ஏறுகிறது. பிறகு அவனே மேஸ்திரி. அதே சாரத்தடியில் இருபது வருஷம் சட்டி தூக்கிய பெண்ணுக்கு மணலுக்கு எவ்வளவு சிமெண்ட் என்று தெரியும், எந்தப் பூச்சு வெடிக்கும் என்றும் தெரியும். கரணையை மட்டும் யாரும் அவளிடம் கொடுப்பதில்லை. கழுத்தும் முட்டியும் தேய்ந்து வேலையை விடும்போதும் அவள் சித்தாள்தான்.

சம வேலைக்குச் சமக் கூலி என்று 1976-லேயே மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. சம வேலையே கிடைக்காதவளுக்கு அது எப்படி உதவும்?

தமிழ்நாட்டில் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. கட்டடச் செலவில் 1 சதவீதம் அதற்குப் போகிறது. பதிவு செய்தவர்களுக்கு விபத்து, மகப்பேறு, பிள்ளைகள் படிப்பு என்று உதவி உண்டு. நல்ல ஏற்பாடு, பதியாதவர்கள் பதிந்துகொள்ளுங்கள். ஆனால் அன்றாடக் கூலியை அது உயர்த்தாது. அதற்குத் தொழில் கையில் வரவேண்டும். தொழில் பழகும் பயிற்சி நாளுக்கும் கூலி கொடுத்தால்தான் சித்தாளால் வரமுடியும். ஒரு நாள் கூலியை இழக்க அவளிடம் வசதி இல்லை.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சித்தாள்களில் விருப்பமுள்ள ஒருவரைப் பூச்சு வேலையில் பழக்கச் சொல்லி மேஸ்திரியிடம் பேசுங்கள். உள்சுவரில் தொடங்கலாம். பழகும் நாட்களில் கூலியைப் பிடிக்காதீர்கள்; பழகியபின் கொத்தனார் கூலியையே கொடுங்கள்.