இலவசம் என்றால் எல்லோருக்குமா?

(மும்பையில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரி வாசலை நம்மில் பலர் வெளியே நின்று பார்த்ததோடு சரி. இன்று அந்த வாசல் கைபேசிக்குள் வந்துவிட்டது என்கிறார்கள். உண்மைதான். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. 2017இல் மத்திய அரசு ‘ஸ்வயம்’ தளத்தைத் திறந்தது. ஐ.ஐ.டி. பேராசிரியரின் பாடத்தைக் கூலித் தொழிலாளியின் மகளும் காசின்றிக் கேட்கலாம். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பாரில்லை. இதை அற்பமென்று தள்ளுகிறவர் நம் பிள்ளைகளுக்கு நண்பரல்லர்.

ஆனால் தோழர்களே, சேருவது வேறு, முடிப்பது வேறு. 2011இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இப்படி ஒரு பாடத்தைத் திறந்தபோது சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். உலகமே மாறப்போகிறது என்றார்கள். மாறியதா? மறு ஆண்டு ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் தளத்தைத் தொடங்கின. அங்கே அவை நடத்திய பாடங்களைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்! சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிலோ ஏறக்குறையப் பாதிப்பேர் முடித்தார்கள். கூட்டம் பெருகியதும் வசதியான நாடுகளில்தான். லாப நோக்கமில்லை என்று பிறந்த அந்த எட்எக்ஸ், 2021இல் 80 கோடி டாலருக்கு ஒரு கம்பெனிக்கு விற்கப்பட்டது.

நம் பிள்ளைகளுக்கு மூளை இல்லையா? இருக்கிறது. இடம்தான் இல்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். வீட்டுக்கு ஒரே கைபேசி. அதுவும் அப்பாவோடு ஷிப்டுக்குப் போய்விடும். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆளில்லை. பாடம் இலவசம், பரீட்சைக்குக் கட்டணம்!

வழி என்ன? நம் ஊர்களில் இயக்கங்கள் தெருத்தெருவாகப் படிப்பகம் வைத்தன. ஒருவர் பத்திரிகையை உரக்கப் படித்தார்; பத்துப் பேர் கேட்டார்கள். எழுத்தறியாதவரும் அரசியல் அறிந்தார். இதற்கும் அதே முறைதான். சங்க அறையை இரவு 7 மணி முதல் 9 மணி வரை திறந்து வைப்போம். ஒரு திரை, ஓர் இணைய இணைப்பு, ஒரே பாடத்தில் பத்துப் பிள்ளைகள். கல்லூரியில் படிக்கும் அண்ணனோ அக்காவோ ஒருவர் கூடவே உட்காரட்டும். பரீட்சைக் கட்டணத்தைச் சங்க நிதி ஏற்கட்டும். தாய்மார்களே, பெண் பிள்ளைகளையும் தவறாமல் அனுப்புங்கள்!

அரசையும் விட்டுவிடக் கூடாது. ஒரு பருவப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ‘ஸ்வயம்’ வழியாகப் படிக்கலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதி. நல்லது. ஆனால் அதையே சாக்காக வைத்து ஆசிரியர் பணியிடங்களைக் காலியாக விட்டால்? பணக்காரப் பிள்ளைக்கு ஆசிரியர், ஏழைப் பிள்ளைக்குத் திரை என்றாகிவிடும். பாடம் தாய்மொழியில் வேண்டும், ஏழைக்குப் பரீட்சைக் கட்டணம் கூடாது, ஆசிரியரும் வேண்டும். இம்மூன்றும் நம் கோரிக்கை.

தனியாகப் படிப்பவன் பாதியில் நிற்பான். கூடிப் படிப்பவன் கரை சேருவான். கூடுவோம்!