மலைவழியில் ஒரு மழலை

சங்கரன்கோயிலின் வெளிப்புறத்தில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு மலை ஓர் அன்றாடக் காட்சி. காலையில் அது வெளிறிய நீலமாய்த் தெரியும். மாலையில் கருநீலமாய் மாறும். சாரல் காலத்தில் முகிலுக்குள் மறைந்துவிடும். நாள்தோறும் காணும் அம்மலையை ஒரு நாளேனும் கடந்து பார்க்க வேண்டும் என்னும் ஆசை இளையோர் உள்ளத்தில் எழுவது இயல்பே. விடுமுறை நெருங்கியதும், "குற்றாலம் போவோம், செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டிப் புனலூர் வரை போவோம்" என்று வீட்டில் முதற்குரல் கொடுப்பவர்கள் மாணவர்களாகிய நீங்கள்தாம். தந்தை செலவைக் கணக்கிடுவார். தாய் கட்டுச்சோற்றை எண்ணுவார். பாட்டி வழியிலுள்ள கோயில்களை நினைப்பார். இந்த ஆலோசனையில் குரல் இல்லாத ஒருவர் அவ்வீட்டில் உண்டு. அவர் ஒன்றரை வயதோ இரண்டு வயதோ ஆன உங்கள் தம்பி அல்லது தங்கை.

பயணத்தில் மிகுதியாக இன்புறவோ துன்புறவோ போகிறவர் அந்தச் சிறியவரே. பசித்தால் அழுவார், குளிர்ந்தாலும் அழுவார், காது வலித்தாலும் அழுவார். ஒரே மொழியில் ஒன்பது செய்தி சொல்லும் அவருக்காக முன்கூட்டியே சிந்திப்பதுதான் குடும்பப் பயணத் திட்டத்தின் உயிர்நிலை. சாமான் பட்டியல் எழுதுவது எளிது. ஒரு குழுவின் வேகத்தை அக்குழுவின் மிகச் சிறிய உறுப்பினரின் வேகத்துக்கு இசைவிப்பதே அரிது.

முதலில் வழியைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடுஞ்சுவர் போன்றது. அதில் சில இடங்களில் மட்டுமே இடைவெளி உண்டு. பாலக்காட்டுக் கணவாய் பெரியது; செங்கோட்டைக்கு மேற்கேயுள்ள ஆரியங்காவுக் கணவாய் சிறியது. பண்டு தொட்டே வணிகரும் யாத்திரிகரும் இவ்வழியே மலையைக் கடந்து வந்தனர். 1904ஆம் ஆண்டு இக்கணவாயின் வழியே செங்கோட்டையையும் கொல்லத்தையும் இருப்புப்பாதை இணைத்தது. திருவிதாங்கூர் நாட்டுக்குள் புகுந்த முதல் இருப்புப்பாதை இதுவே. செங்கோட்டையும் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்ததாகவே இருந்தது. 1956 நவம்பர் முதல் நாளன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பழைய மீட்டர் பாதை 2010இல் மூடப்பட்டு, அகலப் பாதையாக மாற்றப்பெற்று, 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது.

செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை ஏறத்தாழ 49 கிலோமீட்டர். பகவதிபுரம் கடந்ததும் வண்டி மலைக்குடைவுக்குள் நுழையும். பின் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று காடும் பள்ளத்தாக்கும் மாறி மாறி வரும். கழுதுருட்டிக்கு அருகே கல்லால் கட்டிய பதின்மூன்று கண் பாலம் நூற்றாண்டைக் கடந்தும் வண்டிகளைச் சுமந்து நிற்கிறது. மீட்டர் பாதைக் காலத்தில் இவ்வேற்றத்தில் ஓர் இன்ஜின் முன்னே இழுக்க, மற்றொன்று பின்னிருந்து தள்ளும். குழந்தையோடு செல்லும் குடும்பத்துக்கும் அம்முறை பொருந்தும். ஒருவர் மட்டுமே இழுத்தால் ஏற்றம் கடினம்.

சாலையா, இருப்புப்பாதையா என்பது அடுத்த கேள்வி. இரயிலில் குழந்தை படுக்கலாம், எழலாம், ஒருவர் கையைப் பற்றிச் சற்று நடக்கலாம். வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையிலோ வாந்தித் தொல்லை உண்டு. உடல் அசைகிறது என்று உட்செவி சொல்ல, அசையவில்லை என்று காருக்குள்ளேயே பார்க்கும் கண் சொல்ல, இவ்விரு செய்திகளின் முரண்பாட்டால் மயக்கமும் குமட்டலும் தோன்றுகின்றன. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் இத்தொல்லை அரிது, அதன்பின் மிகுதி. வயிறு நிறைய ஊட்டாமல் சிறிது சிறிதாக ஊட்டுவதும், தூய காற்று வரச் செய்வதும், தொலைவிலுள்ள மரத்தையும் மலையையும் காட்டுவதும் பயன் தரும். இரயிலில் செல்வதானால், பகல் வெளிச்சத்தில் மலையைக் கடக்கும் வண்டி எது என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். உறங்கும் குழந்தையை நள்ளிரவில் எழுப்பி நிலையத்துக்குத் தூக்கிச் செல்வது பயணத்தின் முதல் நாளையே கெடுத்துவிடும். மலைக்குடைவு வருமுன், "இப்போது இருட்டு வரும், பிறகு வெளிச்சம் வரும்" என்று ஓரிரு முறை விளையாட்டாகச் சொல்லி வையுங்கள். எதிர்பாராத இருளுக்கு அஞ்சும் குழந்தை எதிர்பார்த்த இருளில் கைதட்டிச் சிரிக்கும்.

காரில் செல்வோர்க்கு ஒரு கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அவ்வேகத்தில் செல்லும் கார் மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தையைத் தடுத்து நிறுத்த வேண்டிய விசை 1400 நியூட்டன்; அதாவது, 140 கிலோ மூட்டையைத் தாங்கும் விசை. எந்தத் தாயின் அன்பும் அந்த விசையைக் கைகளுக்குத் தராது. முன் இருக்கையில் மடியில் அமர்த்திச் செல்லும் வழக்கம் அன்பினால் பிறந்ததாயினும் ஆபத்தானது. 14 வயது நிரம்பாத குழந்தைகளை இருக்கை வாராலோ, குழந்தைகளுக்குரிய தனி இருக்கையாலோ பிணைத்தே அழைத்துச் செல்ல வேண்டும் என்பது 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் விதியுமாகும்.

எப்போது செல்வது? சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம். மலையின் மேற்குப் பக்கம் பெருமழை பெறும்போது, கிழக்கேயுள்ள நம் பகுதி மழை மறைவில் வறண்டு கிடக்கும். ஆனால் செங்கோட்டைக் கணவாயின் வழியே ஈரக்காற்று நுழைவதால் குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கிறது. அருவிகள் அழகு பெறும் காலம் அதுவே. கூட்டம் பெருகும் காலமும் அதுவே. குழந்தையோடு செல்வோர் விடுமுறை நாட்களைத் தவிர்த்து வார நாளின் காலைப்பொழுதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அருவியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நாம் நிற்கும் இடத்தில் வெயில் காயலாம். மலையுச்சியில் மேகம் பொழியலாம். மேலே பெய்த மழை கீழே வந்து சேரச் சில நிமிடங்களே போதும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அவன் ஓடத் தெரியாத குழந்தை அல்லன், உங்கள் வயதினன். நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலையும் சருகும் மிகுதியாக வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ ஒருகணமும் தயங்காமல் கரையேறிவிடுங்கள். காவலர் குளிக்கத் தடை விதித்திருந்தால் அத்தடையோடு வாதாடாதீர்கள். சின்னஞ்சிறு குழந்தையைப் பேரருவியின் கீழே கொண்டு செல்லவே வேண்டாம். ஓரத்தில் அமர்த்தி, ஒரு செம்பு நீரை மெல்ல ஊற்றுங்கள். அதுவே அக்குழந்தைக்குப் பேரருவி.

நனைந்த குழந்தையை உடனே துவட்ட வேண்டும். ஏன்? கணிதம் அறிந்த மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பக்கம் 1 அலகுள்ள கனசதுரத்தின் பரப்பு 6, கன அளவு 1. பக்கம் 2 அலகாயின் பரப்பு 24, கன அளவு 8. சிறியதில் ஓர் அலகு கனத்துக்குப் பரப்பு 6, பெரியதில் 3. சிறிய உடல் தன் அளவுக்கு மிகுந்த தோற்பரப்பைக் கொண்டிருப்பதால் வெப்பத்தை விரைவில் இழக்கிறது. நமக்கு இதமாகத் தோன்றும் சாரல் குழந்தைக்கு நடுக்கமாகலாம். தடித்த சட்டை ஒன்றைவிட மெல்லிய சட்டைகள் இரண்டு மூன்று மேல். வெயிலில் ஒன்றைக் கழற்றலாம். குளிரில் ஒன்றைச் சேர்க்கலாம்.

உணவில் புதுமை வேண்டாம். வீட்டில் பழகிய இட்லியும் பருப்புச் சோறும் வாழைப்பழமும் போதும். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றி எடுத்துச் செல்லுங்கள். குலுங்கும் வண்டியில் வேர்க்கடலை, பொரிகடலை போன்றவற்றைச் சிறு குழந்தைக்குக் கொடுத்தல் கூடாது. அவை மூச்சுக்குழலில் சிக்கக்கூடும். வயிற்றுப்போக்கு கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் உதவும். அது இல்லாவிடில், ஒரு லிட்டர் தூய நீரில் தட்டையாக வழித்த ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி சிறிது புகட்டலாம். சிறுநீர் குறைதல், கண்ணீர் இன்றி அழுதல், கண் குழிதல் ஆகியவை கண்டால் டாக்டரிடம் விரைய வேண்டும். 108 என்னும் அவசர ஊர்தி எண் தமிழகத்திலும் கேரளத்திலும் ஒன்றே. காட்டு வழியில் கைபேசித் தொடர்பு எங்கும் கிடைக்கும் என்று நம்பியிராமல், வழியிலுள்ள மருத்துவமனைகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். குற்றாலத்துக் குரங்குகளின் முன் குழந்தையின் கையில் தின்பண்டம் இருத்தல் ஆகாது. கடியோ கீறலோ ஏற்பட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி வெறிநோய்த் தடுப்பு மருந்து பெற வேண்டும்.

இனி, பலரும் மறந்துவிடும் ஒரு செய்தி. குழந்தையோடு அருவிக்குச் செல்லும் பல குடும்பங்களில் அருவியைக் காணாதவர் ஒருவர் உண்டு, அவர் தாய். எல்லாரும் குளித்து மகிழும்போது அவர் ஈரத் துணிகளுக்குக் காவலாய், அழும் குழந்தைக்குத் தொட்டிலாய் ஓரத்தில் அமர்ந்திருப்பார். அருவியின் ஓசையை மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்புவார். அடுக்களையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றியதுதான் அவருக்குக் கிட்டிய பயணம். இது நியாயமா? ஆதலின் திட்டத் தாளில் இடங்களின் பெயரோடு பொறுப்பாளர் பெயரையும் எழுதுங்கள். இந்த மணியிலிருந்து இந்த மணி வரை குழந்தை அண்ணன் கையில். அடுத்த மணி அக்காள் கையில். அதற்கடுத்து அப்பா கையில். அந்நேரங்களில் அம்மா விடுதலை பெற்றவர். கைமாறும்போது, "இப்போது குழந்தை என் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பில்தான் எவரும் பாராத கணம் பிறக்கிறது.

ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். குற்றாலம் ஒரு நாள். தென்மலையும் புனலூரும் மற்றொரு நாள். புனலூரில் கல்லடையாற்றின் மேல் ஆல்பர்ட் ஹென்றி என்னும் பொறியாளர் அமைத்து 1877இல் நிறைவுற்ற தொங்குபாலம் இன்று நடந்து செல்வோர்க்கு மட்டுமே உரியது; வண்டிகளின் அச்சம் இன்றி நடக்கலாம். ஆயினும் ஆற்றின் மேல் நிற்கிறோம் என்பதை மறவாமல் குழந்தையின் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். நண்பகலில் குழந்தை வழக்கமாக உறங்கும் நேரத்தை எந்தக் காட்சிக்காகவும் பறிக்காதீர்கள்.

"இரண்டு வயதில் கண்டது நினைவில் நிற்குமா? பின் ஏன் இத்தனை பாடு?" என்று சிலர் கேட்கலாம். நிற்காது என்பது உண்மையே. வளர்ந்தோர் பெரும்பாலும் மூன்று வயதுக்கு முந்திய நிகழ்ச்சிகளை நினைவு கூர்வதில்லை. ஆயினும் நினைவில் நில்லாதன யாவும் வீணோ? நம்மை முதலில் நடக்கப் பழக்கிய கை எது என்பதும் நமக்கு நினைவில்லை. நடை மட்டும் நின்றுவிட்டது. மேலும், பெரியவர்கள் பாலத்தையும் அருவியையும் பார்த்து நகரும்போது, குழந்தை ஓர் எறும்பின் முன் அமர்ந்துவிடும். ஒரு கூழாங்கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். அதன் அருகில் பொறுமையோடு அமர்ந்தால், நாம் காணாமல் கடந்திருக்கக்கூடிய மலை நமக்குப் புலப்படும். இம்மலையிலேயே, தென்மலைக்கு அருகிலுள்ள குளத்துப்புழையில், சாஸ்தாவைக் குழந்தை வடிவில் வைத்து வணங்குகின்றனர்.

இறுதியாக ஒன்று. எந்தத் திட்டத்திலும் திரும்பி வருவதற்கான விதியும் இருக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், மழை வலுத்தால், அருவி மூடப்பட்டால் எந்த இடத்திலிருந்து திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே அனைவரும் கூடி முடிவு செய்யுங்கள். பாதியில் திரும்புவது தோல்வியன்று. மலை அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்கும். குழந்தையும் அப்போது ஓர் ஆண்டு வளர்ந்து, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வரும்.