பிந்திய வருமான வரிக் கணக்கு

(மரக்காணம் வட்டாரத்துப் பஞ்சாயத்து அங்கத்தினர், உழவர், உப்பளத் தொழிலாளர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



வழக்கமாக இத்தகைய கூட்டங்களில் சாலை, குடிநீர், குளம் தூர் வாருதல் ஆகியவற்றைப் பற்றியே பேசுவேன். இன்று வருமான வரியைப் பற்றிப் பேச வந்துள்ளேன். "அன்றாடம் காய்ச்சிகளான நமக்கும் வருமான வரிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணியவன்தான். அந்த எண்ணத்தினால் விளைந்த தீங்கைச் சொல்லியே என் உரையைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், உப்பு மூட்டைகளை லாரியில் ஏற்றும் வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்யும் மேஸ்திரி ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, பணம் கொடுக்கும்போது நூற்றுக்கு ஒரு ரூபாய் வரி என்று பிடிக்கிறார்கள். நான் ஏதேனும் எழுதிக் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டார். ஆட்களுக்குக் கூலி கொடுத்தது போக அவருக்கு மிஞ்சுவது சொற்பமே. "உமக்கு வரியே கிடையாது, கணக்கும் வேண்டுவதில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பிழையான யோசனை. பின்னர் அவர் வண்டிக் கடனுக்காக வங்கிக்குச் சென்றபோது வருமான வரிக் கணக்கைக் கேட்டார்கள். அப்போதுதான் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய் அவர் பெயரில் சர்க்காரிடம் கிடப்பது தெரிய வந்தது. அதற்குள் கெடு கடந்துவிட்டது.

முதலில் யாருக்குக் கணக்கு வேண்டுவதில்லை என்பதைச் சொல்கிறேன். உப்பு வாரியும் சுமந்தும் நாட்கூலி மட்டும் பெறுபவருக்கு, வரிப் பிடித்தம் ஏதும் இல்லையெனில், பொதுவாகக் கணக்கு வேண்டுவதில்லை. நெல், மணிலா, தர்பூசணி விளைவித்து வரும் வருமானம் வேளாண்மை வருமானம். அதற்கு வருமான வரி கிடையாது. ஆனால் அதே உழவர் உப்பளத்தில் ஒரு பங்கு எடுத்து நடத்தினால், அந்த வருமானம் வேளாண்மையில் சேராது. நிலத்தில் கடல்நீரைப் பாய்ச்சி எடுக்கும் உப்பு விளைபொருள் அன்று என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆங்கிலேயர் காலத்திலேயே தீர்ப்பளித்துள்ளது. நாம் "உப்பு விளைந்தது" என்றுதான் சொல்கிறோம். சட்டம் அவ்வாறு கொள்வதில்லை.

இனி, பிடித்தம் எவ்வாறு நிகழ்கிறது என்று பார்ப்போம். தனி ஒருவருக்கு ஒப்பந்த வேலைக்காக ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேலோ, ஆண்டில் மொத்தம் 1,00,000 ரூபாய்க்கு மேலோ ஒரு கம்பெனி கொடுத்தால், நூற்றுக்கு 1 வீதம் பிடித்துக் கட்ட வேண்டும். 3,00,000 ரூபாய்க்குப் பிடித்தம் 3,000 ரூபாய். நிரந்தரக் கணக்கு எண்ணாகிய பான் எண்ணைக் கொடாவிடில் நூற்றுக்கு 20 வீதம். அதே தொகைக்கு 60,000 ரூபாய் போய்விடும். ஆதாருடன் இணைக்காமல் செயலிழந்த பான் எண்ணும், 2023 ஜூலை முதல், இல்லாததற்கே சமம். ஆண்டில் பிடித்தம் 25,000 ரூபாயை எட்டினால், வருமானம் எவ்வளவு குறைவாயினும் கணக்குத் தாக்கல் செய்வது கடமையாகும். மூத்த குடிமக்களுக்கு இத்தொகை 50,000 ரூபாய்.

கெடுவை நன்கு நினைவில் கொள்க. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. உரிய காலத்தில் கணக்குக் கொடாதவர், அதே ஆண்டு டிசம்பர் 31 வரை பிந்திய கணக்கைக் கொடுக்கலாம். பிடித்த பணத்தையும் அக்கணக்கில் திரும்பக் கேட்கலாம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேற்படாதவருக்குத் தாமதக் கட்டணம் 1,000 ரூபாய்க்கு மேல் போகாது. வரி விதிப்பு எல்லைக்குக் கீழ்ப்பட்ட வருமானமுடையவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. 2025-26ஆம் நிதியாண்டுக்குப் புதிய முறையில் அவ்வெல்லை 4 லட்சம் ரூபாய்.

டிசம்பர் 31 கடந்தபின் இரு வழிகளே உண்டு. ஒன்று, புதுப்பித்த கணக்கு. 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் இதற்கான காலம் 4 ஆண்டுகளாக நீண்டுள்ளது. ஆயினும் இது வரி செலுத்த வேண்டியவருக்கே உரியது. கூடுதல் வரியும் உண்டு. பணத்தைத் திரும்பப் பெற இது உதவாது. மற்றொன்று, தாமதத்தை மன்னிக்கக் கோரும் விண்ணப்பம். 2024 அக்டோபரில் வெளிவந்த சுற்றறிக்கையின்படி, 2021-22ஆம் நிதியாண்டின் பணத்துக்கு 2028 மார்ச் 31 வரை இவ்வாறு விண்ணப்பிக்கலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும், வட்டி கிடையாது. நம் மேஸ்திரியும் இவ்வழியேதான் சென்றார். பல மாதங்களுக்குப் பின் பணம் கைக்கு வந்தது. என் ஒரு சொல்லினால் அவருக்கு அத்தனை அலைச்சல்!

ஆகவே உரிய பருவத்தில் செய்தலே நலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளங்கள் நீரில் மூழ்கி, கை ஓய்ந்திருக்கிறோமல்லவா? டிசம்பர் கெடுவுக்கு முந்திய அந்த நாட்களே கணக்குக்குரிய நாட்கள். பான் எண், ஆதார், வங்கிப் புத்தகம், கூலி கொடுத்த சீட்டுகள் ஆகியவற்றை ஒரு பையில் சேர்த்து வையுங்கள். பிடித்த தொகை உங்கள் பெயரில் வரவாகியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். இல்லையெனில் பிடித்தவரிடம் சொல்லித் திருத்தச் செய்யுங்கள். கணக்கை அனுப்பிய 30 நாட்களுக்குள் ஆதார் வழியே உறுதி செய்தல் வேண்டும்.

தாக்கல் செய்ய சர்க்கார் இணையதளத்தில் கட்டணம் இல்லை. "அதிகப் பணம் வாங்கித் தருகிறேன், பங்கு கொடு" என்று வரும் தரகரை நம்பாதீர். பொய்க் கழிவு எழுதினால் அபராதம் குறைந்த வரியைப் போல் இரு மடங்கு. அதைச் செலுத்த வேண்டியவர் தரகரல்லர், நீங்களே.

அன்பர்களே! 1930இல் வேதாரணியத்தில் ராஜாஜி தலைமையில் நம்மவர் எதிர்த்த உப்பு வரி, ஏழை, செல்வர் என்று பாராமல் எல்லார் மேலும் விழுந்தது. வருமான வரி அவ்வாறன்று; எல்லைக்குட்பட்டவரிடம் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை அதற்கு உண்டு. ஆனால் கேட்டவருக்கே அது கிடைக்கும். பஞ்சாயத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் பிடித்தம் செய்யப்பட்டவர் யார் யார் எனக் கேட்டறிந்து, ஐப்பசிக்குள் ஒரு பட்டியல் எழுதித் தாருங்கள். படித்த இளைஞரைத் துணைக்கொண்டு, கணக்கு எழுதும் முகாமுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். என் பழைய பிழைக்கு நான் செய்யக்கூடிய பரிகாரம் அதுவே.